உப்பு பெறாத சமாச்சாரம்

"உப்பு பெறாத சமாச்சாரத்துக்கு இவ்வளவு சண்டையா?" என்று யாராவது சொல்லாத வீடு உண்டா? அதே வீட்டில், அதே வாயால், "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்றும் சொல்வோம். கொஞ்சம் நின்று யோசித்தால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. முதலாவதில் உப்பு விலையில்லாத பொருள். அதற்குக்கூட ஈடாகாது என்பதுதான் ஒரு விஷயத்தை மட்டம் தட்டும் வழி. இரண்டாவதில் ஒரு கை உப்புக்கு ஆயுசு முழுக்கக் கடன்பட்டுக் கிடக்க வேண்டும். ஒரே சனம் ஒரே பொருளைப் பற்றி இப்படி இரண்டு விதமாக எப்படிப் பேசியது?

ரொம்ப நாளாக எனக்கு இது உறைக்கவே இல்லை. மரக்காணத்து அளத்தின் வரப்பில் நின்று, உப்பை மண்ணைப் போல வாரிக் கொட்டுவதைப் பார்த்தபோதுதான் உறைத்தது. ஒரு சொலவடை காதில் விழுந்தால் "இதுக்கு என்ன அர்த்தம்" என்று கேட்பதைவிட, "இதை முதலில் சொன்ன ஆள் எங்கே நின்றுகொண்டிருந்தான்" என்று கேட்பது உத்தமம். உப்பு பெறாது என்றவன் கடற்கரையில் நின்றவன். உப்பிட்டவரை நினை என்றவன் கடலைக் கண்ணால் பார்க்காத ஊரில் உட்கார்ந்து சோறு தின்றவன். நடுவில் இருக்கிற தூரம்தான் உப்பின் விலை.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். முதலில் இடம்.

சென்னையிலிருந்து ஈசிஆரில் தெற்கே வந்தால் சுமார் 120 கிலோமீட்டரில் மரக்காணம். அங்கிருந்து புதுச்சேரி இன்னும் 35 கிலோமீட்டர் சொச்சம். சாலையை ஒட்டியே பாத்தி பாத்தியாக வெள்ளை வெளேரென்று அளங்கள் விரியும். தமிழ்நாட்டில் உப்பு என்றால் தூத்துக்குடி, அப்புறம் வேதாரண்யம். அதற்கடுத்துச் சொல்கிற பேர் மரக்காணம். காக்கிநாடாப் பக்கமிருந்து கடலோரமாகவே இறங்கி வரும் பக்கிங்காம் கால்வாய் வந்து முடிவதும் இங்கேதான். உள்ளூர்க்காரர்கள் வாயில் அது வெறும் 'காவா'. லாரி வருவதற்கு முன்னால் சென்னைப் பட்டணத்துக்கு உப்பும் விறகும் படகில் ஏறிப் போனது இந்தக் காவாவில்தான். 1876-78 பஞ்சத்தில், அதாவது தாது வருஷப் பஞ்சத்தில், பசித்த சனத்துக்கு வேலை கொடுக்கிறேன் என்று வெட்டிய பகுதிகளும் இதில் உண்டு. அப்போது சென்னை கவர்னராக இருந்த பக்கிங்காம் கோமகன் பெயரைக் கால்வாய்க்கு வைத்தார்கள். "தாது வருஷப் பஞ்சத்துல பொறந்தவன் மாதிரி திங்கிறான்" என்று இப்பவும் பந்தியில் கேலி பேசுகிறோமே, அந்தப் பேச்சும் கால்வாயின் அந்தப் பெயரும் ஒரே வயசு.

மேற்கே பெரிய நீர்ப்பரப்பு ஒன்று இருக்கிறது. கழுவேலி என்று பலகையில் எழுதியிருப்பார்கள். தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. 2021-இல் பறவைகள் சரணாலயம் ஆனது, 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இந்தப் பெயரில் கழுவும் இல்லை, வேலியும் இல்லை. கழி என்றால் கடல்நீர் உள்ளே புகுந்து நிற்கும் இடம். நெய்தல் பாட்டுகளில் திரும்பின பக்கமெல்லாம் வரும் சொல். கழிவெளிதான் நாக்கில் உருண்டு கழுவெளி ஆகி, காகிதத்தில் ஏறும்போது கழுவேலி ஆகியிருக்கிறது என்பது என் கட்சி. பெயர்ப்பலகை எழுதுகிறவர்களைவிட மீன் பிடிக்கிறவர்கள் சொல்லுக்கு விசுவாசமானவர்கள்.

அளத்து வேலையைப் பற்றி நாலு வரி. கடல்நீரில் உப்பு நூற்றுக்கு மூன்றரை பங்குதான். காவா நீரையோ நிலத்தடி உவர்நீரையோ இறைத்து, ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு விட்டு விட்டு வெயிலில் காய்ச்ச வேண்டும். நீரின் கெட்டி எவ்வளவு என்று பார்க்க ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்கவிடுவார்கள். அதில் இருக்கும் அளவை 18-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு வேதியியலாளர் அந்துவான் போமே வகுத்தது. அளத்தில் அவர் பேரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, 'டிகிரி' என்றால் எல்லாருக்கும் தெரியும். மூன்று டிகிரியில் உள்ளே வரும் நீர் இருபத்தைந்தைத் தொடும்போது உப்பு பூக்கும். முப்பதை நெருங்கினால் மிச்ச நீரை வெளியே தள்ளிவிட வேண்டும். விட்டால் மக்னீசியம் உப்புகளும் சேர்ந்து கசந்துவிடும். பாத்தியின் தரையை மிதித்து மிதித்து இறுக்கி வைத்தால்தான் உப்பு வெள்ளையாக வரும். மண் கலந்தால் விலை போகாது.

கவனித்தீர்களா, உப்பு 'விளையுது' என்றுதான் சொல்கிறார்கள். பாத்தி, வரப்பு, விளைச்சல், அம்பாரம். சொல் அத்தனையும் கழனியிலிருந்து வந்தது. இதற்குக் கடைசியில் வருகிறேன்.

மழை விழுந்தால் வேலை நின்றது. தை, மாசியில் தொடங்கி ஆவணி, புரட்டாசி வரை ஓட்டம். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வந்ததும் அளம் குளமாகிவிடும். நான் முதலில் போனது அந்தச் சமயத்தில். வரப்பில் நடந்து வந்த ஒரு அக்கா என் கேமராவைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்: "இன்னா தம்பி, மய வந்து எல்லாம் தண்ணியா நிக்குது, இப்ப வந்து உப்ப போட்டோ எடுக்கணும்னா எங்க போறது? சித்திரையில வந்திருந்தா கண்ணு கூசும்." பிறகு சாலையோர மேட்டில் கீற்றும் தார்ப்பாயும் போட்டு மூடியிருந்த அம்பாரங்களைக் காட்டினார். "அத்த வேணா எடுத்துக்கோ. விக்காம கெடக்குது."

உமி விற்கப் போனால் காற்றடிக்கும், உப்பு விற்கப் போனால் மழை பெய்யும் என்பது நமக்கெல்லாம் அதிர்ஷ்டம் கெட்டவனைப் பற்றிய நையாண்டி. பட்டணத்தில் சொன்னால் சிரிப்பு வரும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறி, அங்கேயே நகராமல் மணிக்கணக்கில் நின்று கொட்டியதே, அப்போது இந்தக் கரையில் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை. மரக்காணத்து அளங்கள் மேல் வெள்ளம் போனது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் வந்தபோதும் இந்தக் கடலோரம் வாங்கிக் கட்டிக்கொண்டது. உமி பறந்தால் கூட்டி அள்ளலாம். உப்பு கரைந்தால் எதை அள்ளுவது? இரண்டையும் ஜோடி சேர்த்த ஆள் யாரோ தெரியாது, ஆனால் தலையில் கூடையோடு மழையில் நின்றவன்தான் இதைச் சொல்லியிருக்க முடியும்.

அந்த அக்காவின் 'மய'யை விட்டுவிட்டு மேலே போக மனம் வரவில்லை. விழுப்புரம், திண்டிவனம், செய்யூர் வட்டாரம் முழுக்க ழகரத்தை யகரமாக்கிப் பேசுகிறவர்கள் உண்டு. மழை மய, கழனி கயனி, வாழைப்பழம் வாயப்பயம். 'கொண்டு' என்பது 'கினு' ஆகும்: வந்துகினு, போய்க்கினு, இட்டுனு வா. அதை, இதை என்பது அத்த, இத்த. சினிமாக்காரர்கள் இதையெல்லாம் மெட்ராஸ் பாஷை என்று முத்திரை குத்தி ரிக்‌ஷாக்காரர் வாயில் போட்டுவிட்டார்கள். மெட்ராஸ் பாஷைக்கு இலக்கணம் கொடுத்தது மெட்ராஸ் இல்லை, இந்த ஊர்கள்தான். தாது வருஷத்தில் பசியோடும், அதற்குப் பிறகு வேலை தேடியும் வடக்கே போன சனம் தங்கள் பேச்சையும் கூடவே இட்டுனு போனது. பட்டணத்தில் அதன்மேல் உருதுவிலிருந்து பேஜாரும் நாஸ்டாவும் கலீஜும் வந்து ஒட்டிக்கொண்டன. பேஜார் உருதுவில் சலிப்பு, நாஸ்டா காலை உணவு, கலீஜ் அசிங்கம். ஒட்டின சொல் கண்ணில் பட்டது, அடிச்சட்டம் கண்ணில் படவில்லை.

எனக்குப் பிடித்த வட்டாரச் சொல் மல்லாட்டை. நிலக்கடலைக்கு இந்தப் பக்கத்துப் பெயர். சென்னைக்காரர் வேர்க்கடலை என்பார், மதுரைக்காரர் கடலை என்று முடித்துக்கொள்வார். மல்லாட்டை என்பது மல்லாக்கொட்டை; மல்லாக்கொட்டை என்பது மணிலாக்கொட்டை. பிலிப்பைன்ஸ் தலைநகரம் திண்டிவனத்துச் செம்மண்ணில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தக் காலத்தில் மூட்டை மூட்டையாகப் புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து கப்பலேறி, எண்ணெய்க்காகவும் சோப்புக்காகவும் பிரான்சின் மார்சேய்க்குப் போன சரக்கு இது. டிஎம்வி-2 என்ற கடலை ரகம் 1940-இல் வெளிவந்து நாடு முழுக்கப் பேரெடுத்தது. அந்த டிஎம்வி என்பது திண்டிவனம்தான். ஆந்திராவில் விதை வாங்குகிற விவசாயி தன்னையறியாமல் திண்டிவனத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

புதுச்சேரி பக்கத்தில் இருப்பதால் பிரெஞ்சும் கொஞ்சம் ஒழுகி வந்திருக்கிறது. அங்கே பஞ்சாயத்துக்கு இன்றும் கொம்யூன் பஞ்சாயத்து என்றே பேர். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்குகிறவர் சொல்தா. நாம் எல்லாரும் துணி வைக்கிற பீரோவும் அந்த மொழிதான். சரி, உப்புக்கு வருவோம்.

உப்பை உள்நாட்டுக்குக் கொண்டு போனவர்கள் உமணர்கள். சங்கப் பாட்டுகளில் இவர்களுடைய வண்டிச் சத்தம் ஓயாமல் கேட்கும். குடும்பம், குழந்தை, சட்டிபானை எல்லாம் வண்டியிலேயே. சிறுபாணாற்றுப்படையில் உமணர் கூட்டத்தோடு வந்த ஒரு பெண் குரங்கு, உமணப் பிள்ளைகளோடு கிலுகிலுப்பை ஆட்டி விளையாடுகிறது, அதற்குள் முத்து. புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் ஔவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினியை உமணர் வண்டியின் அடியில் கட்டியிருக்கும் மாற்று அச்சுக்கு ஒப்பிடுகிறார். மேடும் பள்ளமுமான வழி, வண்டி நிறைய பாரம், எங்கே அச்சு முறியும் என்று தெரியாது. அதனால் ஒன்று கூடவே போகும். ஸ்டெப்னி கட்டிய முதல் தமிழன் உப்பு வியாபாரி என்று நான் நண்பர்களிடம் சொல்வதுண்டு. ஒரு அரச குமாரனைப் புகழ வண்டி அச்சை எடுத்துக்கொண்ட அந்தப் புலவரின் துணிச்சல் எந்தக் காலத்திலும் புதிதாகத்தான் இருக்கும்.

சிறுபாணாற்றுப்படைக்கும் இந்த ஊருக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. நல்லூர் நத்தத்தனார் அதைப் பாடியது ஓய்மாநாட்டு நல்லியக்கோடனை. அவனுடைய கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதி. அவனுடைய கடற்கரை ஊரான எயிற்பட்டினம் இந்த மரக்காணந்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. பாணர்கள் அங்கே போனால் கள்ளும் சுட்ட மீனும் கிடைக்கும் என்று புலவர் வழி சொல்கிறார். ஈசிஆரில் கடை போட்டிருப்பவர்கள் இதைப் பெரிய எழுத்தில் எழுதி மாட்டலாம்.

அம்மூவனார் அகநானூற்றில் பாடியதைப் பார்த்தால், உப்பு விற்க வந்த பெண் நெல்லுக்குச் சமமாக உப்பு என்று தெருவில் கூவுகிறாள். ஒரு படி நெல் கொடுத்தால் ஒரு படி உப்பு. கடற்கரையில் வாரிக் கொட்டிக்கொண்டிருந்த பொருள், சில நாள் வண்டிப் பயணத்தில் நெல்லுக்கு நிகராகிவிட்டது. மாட்டின் கழுத்தும் அச்சும் உமணப் பெண்ணின் தொண்டையும் சேர்ந்து ஏற்றிய விலை. மருத நிலத்து வீட்டில் உப்பு போட்டுச் சோறு போட்டால் அது நெல்லைக் கொடுத்து வாங்கிய உப்பு. விருந்தாளி தின்றது வெறும் ருசியை இல்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்னதில் இந்தக் கணக்கு இருக்கிறது. மரக்காணத்தான் இதைச் சொல்லியிருக்க வாய்ப்பில்லை. அவன் உப்பிட்டவரை நினைக்க ஆரம்பித்தால் கடலைத்தான் நினைக்க வேண்டும்.

பிள்ளைகளை முதுகில் தூக்கிக்கொண்டு "உப்பு மூட்டை, உப்பு மூட்டை, உப்பு வாங்கலியா உப்பு" என்று வீட்டுக்குள் சுற்றுகிறோமே, அது இந்தப் பயணத்தின் கடைசிக் கட்டம். பெருவழியில் வண்டி, வண்டி போகாத இடத்துக்குக் கழுதை, கழுதையும் ஏறாத இடத்துக்கு மனுஷ முதுகு. அரிசி மூட்டை விளையாட்டு என்று ஒன்று இல்லாததற்குக் காரணம், அரிசியை யாரும் தெருத்தெருவாக முதுகில் சுமந்து கூவியதில்லை. உப்பைக் கூவித்தான் விற்றார்கள்.

அடுத்து வெள்ளைக்காரன் வந்து கடற்கரையிலேயே உப்பின் விலையை ஏற்றிவிட்டான். சென்னை மாகாணத்தில் 1805-இல் உப்பு, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகம் ஆனது. பக்கத்துப் பிரெஞ்சுக்காரன் மலிவாக விற்றால் திட்டம் கெடுமே என்று 1815-இல் அவனோடு ஒப்பந்தம்: பிரெஞ்சு எல்லையில் மிஞ்சுகிற உப்பு முழுக்கக் கம்பெனிக்கே, பதிலுக்கு வருஷம் 4 லட்சம் ரூபாய். மூன்று வருஷம் கழித்து உப்பு விளைவிப்பதையே நிறுத்தச் சொல்லி இன்னொரு ஒப்பந்தம். புதுச்சேரியில் உப்பளம் என்றொரு பகுதி இருக்கிறது, சட்டமன்றத் தொகுதியே அந்தப் பேரில். அங்கே போய் உப்பைத் தேடினால் கிடைக்காது.

1923-இல் மணங்குக்கு ஒன்றேகால் ரூபாயாக இருந்த வரியை இரண்டரை ரூபாயாக்கினார்கள். கூச்சல் கிளம்பி அடுத்த வருஷமே பழைய நிலைக்கு வந்தது. சேற்று நிலத்தில் தானாகப் பூத்த உப்பைச் சுரண்டி எடுத்தாலும் குற்றம். மணங்கு என்பது ஏறக்குறைய 37 கிலோ. விளைவிக்கிற செலவைவிட வரி பல மடங்கு. 1930 ஏப்ரல் 13-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து கிளம்பி, 30-ஆம் தேதி வேதாரண்யத்தில் உப்பு அள்ளியதை எல்லாரும் பாடப் புத்தகத்தில் படித்திருப்போம். உப்பு பெறாத விஷயம் என்ற பேச்சை வைத்து அந்தப் போராட்டத்தைப் பார்த்தால் அதன் சூட்சுமம் பிடிபடும். யாரும் மதிக்காத, எந்த வீட்டிலும் இல்லாமல் போகாத பொருள் ஒன்று. அதன்மேல் கைவைத்தவனை எதிர்க்க யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இப்போது கொஞ்சம் பொல்லாப்பைத் தேடிக்கொள்கிறேன்.

சம்பளம் என்ற சொல் சம்பா நெல்லும் அளத்து உப்பும் சேர்ந்து வந்தது, அந்தக் காலத்தில் கூலியை நெல்லாகவும் உப்பாகவும் கொடுத்தார்கள், சம்பா + அளம் = சம்பளம். இதைச் சொல்லாத மேடைப் பேச்சாளர் இல்லை. கேட்க இனிக்கிறது. ஆனால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி அதை வடமொழியின் சம்பல என்ற சொல்லோடு இணைக்கிறது. வழிப்பயணத்துக்குக் கட்டிக் கொடுக்கும் சாப்பாடு என்று பொருள். எனக்கு அகராதியின் பக்கம்தான் சாய்வு. அளம் என்பது உப்பு விளையும் இடத்தைக் குறிக்குமே தவிர, கையில் வாங்கும் உப்பை அளம் என்று யாரும் சொல்லவில்லை. அளத்து வேலைக்காரர் கூலியாக அளத்தையா வாங்கிப் போனார்? ஆங்கிலத்தில் சாலரி என்ற சொல்லுக்கும் இதே கதி. அது லத்தீன் உப்பிலிருந்து வந்தது உண்மை. ரோமானியச் சிப்பாய்களுக்குக் கூலியையே உப்பாகக் கொடுத்தார்கள் என்ற கதைக்குத்தான் பழைய ஆதாரம் இல்லை.

ஒப்புக்குச் சப்பாணியும் இப்படித்தான். ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டதுபோல் சேர்த்துக்கொண்டு கணக்கில் எடுக்காத பொடியன். ஒப்புக்கு என்றால் பேருக்கு. சில ஊர்ப் பிள்ளைகள் 'உப்புக்குச் சப்பாணி' என்று சொல்லப்போக, அதற்கும் ஒரு உப்புக் கதை கட்டி உலவ விட்டிருக்கிறார்கள். வராத இடத்தில் உப்பைப் போடக் கூடாது.

இதில் பெரிய தொழிற்சாலையே நடக்கிறது வாட்ஸ்அப்பில். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் இல்லையாம், ஆயிரம் வேரைக் கொன்றவனாம். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை இல்லையாம், கழு என்ற புல்லைத் தைத்தால் கற்பூரம் மணக்குமாம். சட்டியில் இருப்பது சஷ்டியாம். அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பதில் வரும் அடி, இறைவன் திருவடியாம். எல்லாமே பழமொழியைக் குளிப்பாட்டி விபூதி பூசும் வேலை. வைத்தியனை நக்கலடிக்க நம் பாட்டன்களுக்குத் தெரியாதா? கழுதையை வைத்து ஒருவனை மட்டம் தட்ட வாய் வராதா? மண் குதிரைக்குப் பதில் ஆற்று மணல்திட்டான மண் குதிர் என்பது போல ஒன்றிரண்டு யோசிக்க வைக்கும், மறுக்கவில்லை. மற்றதெல்லாம் பெரிய மனுஷர்களின் கூச்சம். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பழைய அச்சில் எப்படி இருக்கிறது? பீட்டர் பெர்சிவல் பாதிரியார் 1874-இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகளை அச்சிட்டார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரை வைத்துக்கொண்டு விவிலியம் மொழிபெயர்த்த அதே மனிதர். டென்மார்க்கிலிருந்து வந்த ஹெர்மன் யென்சன் 1897-இல் பழமொழிகளை வகை பிரித்துப் போட்டார். இவற்றுக்கும் பல நூற்றாண்டு முன்னால் முன்றுறை அரையனாரின் பழமொழி நானூறு இருக்கிறது. முதலில் அங்கே பார்த்துவிட்டு அப்புறம் எழுத்தைப் பிரித்து விளையாடலாம்.

உப்புத் தின்றவன் தண்ணி குடிப்பான் என்பதற்கு எந்த வித்தையும் வேண்டாம். தப்புப் பண்ணினவன் அனுபவிப்பான் என்று பஞ்சாயத்தில் சொல்கிறோம். அளத்தில் அது உடம்பின் சங்கதி. ரத்தத்தில் உப்பு ஏறினால் மூளை தாகத்தைக் கிளப்பும்; வெயிலில் வியர்வையோடு நீரும் போகும். ஆனால் அளத்தில் குடிக்கிற தண்ணி வீட்டிலிருந்து பாட்டிலில் வந்தால்தான் உண்டு. பெண்கள் அதையும் கம்மியாகத்தான் குடிக்கிறார்கள். மறைவு ஒன்றில்லாத வெட்டவெளியில் எங்கே ஒதுங்குவது? உப்பை மிதித்தவள் தண்ணி குடிக்க முடியாத இடத்தில் அந்தப் பழமொழியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெயிலுக்கு முன்னால் முடிக்க விடியலுக்கு முன்பே இறங்குகிறார்கள். பத்து மணிக்கெல்லாம் பாத்தியிலிருந்து எழும் வெளிச்சம் கண்ணைக் குத்தும்.

"சோத்துல உப்பு போட்டுத்தான் திங்கிறியா?" என்பது நம் ஊரின் அதிகபட்ச வசவுகளில் ஒன்று. ரோஷம் இருக்கிறதா என்று பொருள். இதற்குப் பத்தியச் சாப்பாட்டை வைத்து ஒரு விளக்கம் சொல்வார்கள்: விரதக்காரனும் நோயாளியும் உப்பில்லாமல் தின்பான், அவனுக்குக் கோபதாபம் கூடாது. எனக்கு இன்னொன்று தோன்றுகிறது. "நான் என் உப்பைத் திங்கிறேன், உன் உப்பையா திங்கிறேன்" என்றும் சண்டையில் சொல்கிறார்கள் அல்லவா? அடுத்தவன் உப்பு வாயைக் கட்டிவிடும். செஞ்சோற்றுக் கடன் என்று கர்ணனுக்குச் சொன்னதும், உருதுவில் நமக்ஹராம் என்று துரோகியைச் சொல்வதும் இதைத்தான். தன் உப்பைத் தின்கிறவனுக்குத்தான் ரோஷப்பட உரிமை.

விளக்கு வைத்த பிறகு உப்பைக் கடன் கொடுப்பதில்லை, கையில் கொடுத்தால் உறவு முறியும், வெள்ளிக்கிழமை வாங்கினால் லட்சுமி வருவாள் என்றெல்லாம் வீடுகளில் இருக்கிற பழக்கங்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஒன்று மட்டும் சொல்கிறேன். மளிகைக் கடைக்காரர் அரிசி மூட்டையை உள்ளே வைத்துப் பூட்டுவார், உப்பு மூட்டை ராத்திரி முழுக்க வாசலில் கிடக்கும். திருடினால் பாவம் என்பார்கள். திருடினால் கூலி கட்டாது என்பதுதான் நிஜம். உப்பு பெறாத திருட்டு.

இனி அந்த 'விளையுது' என்ற சொல்லுக்கு வருகிறேன். பாத்தி கட்டி, நீர் பாய்ச்சி, வெயிலுக்குக் காத்திருந்து, மழைக்குப் பயந்து, விளைச்சலை அம்பாரம் போடுகிறவனைத் தமிழ் விவசாயி என்றே நினைக்கிறது. சட்டம் அப்படி நினைக்கவில்லை. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் உப்பு ஒன்றிய அரசின் பட்டியலில் இருக்கிறது. வேளாண்மை மாநிலப் பட்டியலில். உப்பு தொழிற்சாலைச் சரக்கு, அளம் தொழிற்கூடம். புயல் வந்து கழனி முழுகினால் ஹெக்டேருக்கு இவ்வளவு என்று நிவாரணக் கணக்கு உண்டு. பக்கத்திலேயே முழுகின அளம் அந்தக் கணக்கில் வராது. கரைந்த உப்பு பயிர் இல்லை. மழைக்காலத்தில் வேலையில்லாமல் கிடக்கும் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு மாநில அரசு 5,000 ரூபாய் தரும் திட்டம் ஒன்று சில ஆண்டுகளாக இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாசத்துக்கும் சேர்த்து அது.

இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது டீக்கடையில் ஒரு பெரியவர் சொன்னார்: "நெல்லு வச்சவனுக்குக் குடுக்கறான், மல்லாட்ட போட்டவனுக்குக் குடுக்கறான். நாங்களும் பாத்தி கட்டித்தான் வெளைக்கறோம். ஆபீஸ்ல போயி கேட்டா, உப்பு வெளையாதுங்க, தயாராவுதுங்கன்றான்."